அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள்: நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் செப்டம்பரில் நடக்கவிருக்கும் கல்லூரி வழிகாட்டி நிகழ்ச்சியில் அரை மணி நேரம் கேட்டிருந்தேன். ஃபிரெட்டர்னிட்டி என்ற அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர் அமைப்புகளில் சேரும் புது மாணவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பெற்றோரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் அனுப்பினீர்கள். "இது தங்கள் குடும்பத்தின் தனிப்பட்ட விஷயம். பெற்றோரைப் பயமுறுத்தும் தலைப்புகளைத் தவிர்க்கலாம் எனக் குழு முடிவு செய்துள்ளது."

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் சங்கத்தின் எல்லாக் குடும்பங்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். என் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, ஆனா யார் பேரும் போடாதீங்க" என்றான். கல்லூரியின் பெயர், அந்த அமைப்பின் பெயர், பையன்களின் பெயர் எதையும் நான் போடவில்லை.

அவனை உங்களுக்குத் தெரியும். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது ஆண்டு படித்தவன். நூறு குறள் ஒப்பித்ததற்காகப் பொங்கல் விழா மேடையில் நீங்களே கேடயம் கொடுத்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே வழிகாட்டி நிகழ்ச்சிக்கு அவனை அழைத்து வந்தோம். எஸ்ஏடி நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டுரை, கல்விக் கடன் எல்லாம் முடிந்த பிறகு 'கல்லூரி வாழ்க்கை' என்ற பகுதியில் நான்கு மாணவர்கள் மேடையேறினார்கள். மூன்று பேர் ஃபிரெட்டர்னிட்டியின் கிரேக்க எழுத்து பொறித்த சட்டை போட்டிருந்தார்கள். "வீட்டுச் சாப்பாடு இல்லாம முதல்ல கஷ்டமா இருக்கும். ஆனா எங்களுக்கு பிரதர்ஸ் இருக்காங்க, தீபாவளி ஒண்ணாக் கொண்டாடுறோம்" என்றான் ஒரு பையன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். திரும்பி வரும்போது காரில் என் மகன், "காலேஜ் போனா நானும் இவங்க மாதிரி சேர்ந்துக்கலாம்ல?" என்று கேட்டான். சேர்ந்துக்கடா என்றுதான் நான் சொன்னேன்.

அந்த ஆசை சங்க மேடையிலிருந்து வந்தது. எனக்கு நடந்தது தனிப்பட்ட விஷயம் இல்லை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் கல்லூரி. முதல் பருவம் அவனுக்குத் தனிமையாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை இரவுகளில் உணவுக்கூடத்தில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு எனக்கு அழைப்பான். ஜனவரியில் குரலே மாறியது. ஒரு தெற்காசிய ஃபிரெட்டர்னிட்டி ஆள் சேர்க்கிறதாம். கூடைப்பந்து விளையாடக் கூப்பிட்டார்களாம், பிரியாணி வாங்கிக் கொடுத்தார்களாம். இரண்டு வாரம் கழித்து, "எனக்கு பிட் கிடைச்சிருச்சு" என்று போனில் கத்தினான். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டானோ என்று அவன் அப்பா பதறிப்போனார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள். இங்கே அது உறுப்பினராகச் சேர வரும் அழைப்பு. அவன் விளக்கிய பிறகு சிரித்துக்கொண்டே வாழ்த்தினோம். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு எங்களிடம் சொற்கள் இல்லை.

அந்தச் சொற்களை இப்போது சொல்லிவிடுகிறேன். ஆள் பார்க்கும் வாரங்களுக்கு ரஷ் என்று பெயர். அழைப்பை ஏற்றவன் பிளெட்ஜ். அவனோடு சேரும் புதியவர்களின் கூட்டம் லைன். ஒரு குறிப்பிட்ட சீனியர் அவனுக்கு பிக், அவன் அந்த சீனியரின் லிட்டில். சில வாரம் 'தகுதி' காட்டிக் கடைசியில் உறுப்பினர் ஆவதை கிராஸ் ஆவது என்பார்கள். பிளெட்ஜாக இருக்கும் அந்த வாரங்களில்தான் ஹேசிங் நடக்கிறது, நாம் ராகிங் என்று சொல்வோமே, அது. ஒரு வேறுபாடு உண்டு. ராகிங்கை நம் ஊர்ப் பிள்ளை வெறுத்தான், தப்பிக்கப் பார்த்தான். ஹேசிங்கை இங்கே பிள்ளை தானே போய் ஏற்கிறான். பாதியில் விட்டால் அதுவரை பட்டதெல்லாம் வீணாகிவிடும், கூட இருக்கும் லைன் பிரதர்ஸைக் கைவிட்டது போலாகிவிடும் என்று நினைக்கிறான். அதனால் அம்மாவிடம் பொய் சொல்வான். அந்தப் பொய்யையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தே அனுப்புகிறார்கள்.

பிப்ரவரியில் அவன் தொண்டை எப்போதும் கட்டியிருந்தது. பனி என்றான். அவன் வங்கிக் கணக்கில் இரவு இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு உணவு வாங்கிய செலவு வந்துகொண்டே இருந்தது. ஒரு ஆள் தின்னும் அளவு இல்லை அது. நண்பர்களுக்கு என்றான். ஒரு வாரயிறுதிக்கு வீட்டுக்கு வந்தவன் பதினான்கு மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்கினான். போர்வை விலகியிருந்தபோது முழங்காலைப் பார்த்தேன். இரண்டிலும் தோல் உரிந்து, கறுத்து, காய்த்துப் போயிருந்தது. முழங்கையிலும் அப்படியே. எழுந்ததும் கேட்டேன். "ஜிம்மா" என்றான். நான் நம்பினேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, தயிர்சாதம் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றினேன்.

அந்தத் தயிர்சாதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பத்தாம் வகுப்பு முதலே நம் பெற்றோருக்குக் கல்லூரியைப் பற்றி எத்தனையோ கூட்டம் போடுகிறோம். பிள்ளையின் முழங்காலைப் பார், கேள், ஜிம் என்றால் நம்பாதே என்று ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். நான் அவனை அந்த பஸ்ஸில் ஏற்றியிருக்க மாட்டேன்.

ஏழாவது வாரம் நடந்ததை அவன் வாயிலிருந்து வரவழைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு வாடகை வீட்டின் பேஸ்மென்ட். போன்களை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அமைப்பை நிறுவியவர்களின் பெயர்கள், ஒவ்வொரு கிளையும் தொடங்கிய தேதி, கிரேக்க எழுத்துகள், எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒருவன் தவறினால் அவன் லைனில் இருந்த எட்டுப் பேரும் ஐம்பது தண்டால் எடுக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து எழ வேண்டும், பிறகு சுவரில் முதுகை வைத்து நாற்காலி போல நிற்க வேண்டும். என் மகன் தவறவில்லை. நூறு குறள் ஒப்பித்த பிள்ளைக்கு மனப்பாடம் கஷ்டமா? பக்கத்தில் நின்றவன் திணறியபோது மெதுவாக எடுத்துக் கொடுத்திருக்கிறான். அது கேட்டுவிட்டது. அதற்குத் தனித் தண்டனை. மூன்று மணி நேரம் இப்படி.

ஒரு சொட்டு மது கிடையாது. 'என் பையன் குடிக்க மாட்டான், அதனால் பிரச்சினை இல்லை' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவனுக்குச் சிறுநீர் கோகோ கோலா நிறத்தில் போயிருக்கிறது. கை தூக்க முடியவில்லை. சீனியர்களிடம் கேட்டிருக்கிறான். "நிறையத் தண்ணி குடி. ஹாஸ்பிடல் போனா சாப்டரையே மூடிடுவாங்க" என்றார்களாம். சாப்டர் என்றால் அந்தக் கல்லூரியில் உள்ள கிளை. அவனை அள்ளிக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போனது அறைத்தோழன், நம் ஊரும் நம் மொழியும் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பையன். எங்களை அழைத்ததும் அவன்தான். மருத்துவமனையில் ராப்டோமயோலைசிஸ் என்றார்கள். தசை அளவுக்கு மீறி வருத்தப்பட்டுச் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பது. நான்கு இரவு சலைன் ஏறியது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கலாம் என்றார் மருத்துவர். நாங்கள் ஓடிப்போய் நின்றபோது அவன் முதலில் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. அவங்க மாட்டிக்குவாங்க."

அதே சொல்லைத்தான் உங்கள் இரண்டு வரிப் பதிலிலும் நான் படித்தேன். யாரிடமும் சொல்லாதே.

உங்களில் ஒருவர் என்னிடம் போனில், "நாமெல்லாம் ராகிங் பார்த்துத்தானே வந்தோம், நல்லாத்தானே இருக்கோம்" என்றார். மரியாதையோடு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நம்மில் பலர் 90களில் கல்லூரி போனவர்கள். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியரால் கொல்லப்பட்டது அந்தத் தலைமுறையில் யாருக்கு மறந்திருக்கும்? ராகிங்கைத் தடைசெய்து தமிழ்நாடு 1997-இல் சட்டம் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். குழுவில் உள்ள யாழ்ப்பாணத்து அண்ணாமார்களுக்கு வரப்பிரகாஷைத் தெரிந்திருக்கும். பேராதனைப் பொறியியல் பீடத்து மாணவர். 1997-இல் ராகிங் என்ற பெயரில் அளவுக்கு மீறிய உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். என் மகனுக்கு வந்த அதே நோய். அடுத்த ஆண்டே இலங்கையிலும் சட்டம் வந்தது. 'நல்லாத்தானே இருக்கோம்' என்று சொல்ல அந்த இரண்டு பிள்ளைகளும் இன்று இல்லை.

இந்த நாட்டின் கணக்கு இன்னும் பழையது. 1873-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்ட்டிமர் லெகெட் என்ற மாணவர் ஒரு ஃபிரெட்டர்னிட்டியில் சேரும் சடங்கின்போது இரவில் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். 2017 பிப்ரவரியில், நம் நியூ ஜெர்சியிலிருந்து பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போய்ப் படித்த 19 வயது டிமத்தி பியாஸா, பிட் ஏற்ற அதே இரவில், குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு, பேஸ்மென்ட் படிக்கட்டில் விழுந்தார். வீடு நிறைய ஆள் இருந்தார்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க ஏறக்குறைய 12 மணி நேரம் ஆயிற்று. பென்சில்வேனியாவின் ஹேசிங் தடைச் சட்டம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

'அதெல்லாம் வெள்ளைக்காரப் பையன்கள் கதை' என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. மைக்கேல் டெங், நியூயார்க் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர், வயது 19. சேர்ந்தது ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கென்றே உள்ள பை டெல்டா சை என்ற ஃபிரெட்டர்னிட்டி. 2013 டிசம்பரில் பென்சில்வேனியாவின் போகோனோ மலைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் ஏற்றி, உறைந்த தரையில் நடக்கவிட்டு, நாலாபக்கத்திலிருந்தும் மோதித் தள்ளினார்கள். அந்தச் சடங்குக்குக் 'கண்ணாடிக் கூரை' என்று பெயர். ஆசியர்கள் இந்த நாட்டில் படும் பாட்டை உணர்த்தவாம். விழுந்தவன் எழவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. உடையை மாற்றினார்கள், இணையத்தில் அறிகுறியைத் தேடினார்கள், நேரம் கடந்த பிறகு காரில் கொண்டு போனார்கள். மறுநாள் இறந்துபோனார். பென்சில்வேனியாவில் அந்த அமைப்பு 10 ஆண்டு இயங்கக் கூடாது என்று 2018-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நிறத்துப் பையன்கள், நம் சாப்பாடு, நம் பண்டிகை, அதனால் பத்திரம் என்று நானும் நம்பினேன். மைக்கேல் டெங்கின் பெற்றோரும் அப்படி நம்பியிருக்கக் கூடும்.

இந்த அமைப்புகள் எல்லாமே கேடு என்று சொல்ல நான் வரவில்லை. கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பா கப்பா ஆல்பா என்ற மாணவியர் அமைப்பில் சேர்ந்தவர். அந்தச் சகோதரிகள் வாழ்நாள் முழுக்க அவருக்குத் துணை நின்றார்கள். துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று நாம் கொண்டாடியபோது அதுவும் அவர் கதையில் சேர்ந்துதான் இருந்தது. ஊரைவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கூட்டம் தேவை என்பது எனக்குப் புரிகிறது. நமக்கு இந்தச் சங்கம் எப்படியோ, அவனுக்கு அது அப்படி. பிளெட்ஜ் என்ற அந்தச் சோதனைக் காலம் இல்லாமலேயே அதைக் கொடுக்க முடியும். ஜீட்டா பீட்டா டாவ் என்ற ஃபிரெட்டர்னிட்டி 1989-இலேயே அந்தச் சோதனைக் காலத்தை ஒழித்தது. சிக்மா ஆல்பா எப்சிலான் என்ற இன்னொரு ஃபிரெட்டர்னிட்டி, பல சாவுகளுக்குப் பிறகு, 2014-இல் ஒழித்தது. சட்டம் போட்டால் மட்டும் பழக்கம் போய்விடாது என்பதும் தெரியும். ஆனால் கல்லில் செதுக்கிய மரபு என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை.

அடுத்து வருவதை எழுதுவதுதான் கடினம். அந்த இரவு பேஸ்மென்டில் நின்ற சீனியர்களில் ஒருவன் நம் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை. அவன் அம்மாவும் நானும் பொங்கலன்று ஒரே அடுப்பில் பானை வைத்திருக்கிறோம். அந்தக் குடும்பத்தின் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் நீங்கள் மறுத்தீர்கள் என்றால், அந்த அச்சம் எனக்கும் உண்டு. அவனிடம் நான் பேசினேன். அழுதான். "ஆன்ட்டி, எங்களுக்கும் இதையேதான் பண்ணாங்க. இதைவிட அதிகமாவே" என்றான். இரண்டு ஆண்டு முன்பு அவனும் வீட்டுக்கு வந்து ஜிம் என்று சொல்லியிருக்கிறான். அவன் அம்மாவும் எண்ணெய் தடவியிருக்கிறாள். அன்று அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவள் தன் பிள்ளையைக் காப்பாற்றியிருப்பாள், அதோடு என் பிள்ளையும் தப்பியிருப்பான். அந்தப் பையனைத் தண்டிக்க எனக்கு மேடை வேண்டாம். பல்கலைக்கழகத்தோடும் அந்த அமைப்போடும் எனக்கு இருக்கும் வழக்கு தனி, அதை நான் அங்கே பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் வருவது, இன்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காக.

நான் கேட்பவை இவை.

செப்டம்பர் நிகழ்ச்சியில் அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். பக்கத்து அறையில், சாப்பாட்டு இடைவேளையில் வேண்டாம். கட்டுரைப் பயிற்சி நடக்கும் அதே பெரிய அரங்கில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கொடுங்கள். நான் பேசக் கூடாது என்று நினைத்தால் ஒரு மருத்துவரைப் பேசச் சொல்லுங்கள். நம் சங்கத்தில் மருத்துவர்களுக்கா பஞ்சம்?

ஃபிரெட்டர்னிட்டிச் சட்டையோடு யாரையும் மேடையேற்றுவதற்கு முன் அவர்கள் கல்லூரியின் ஹேசிங் அறிக்கையைத் திரையில் காட்டுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, விதிமீறியதாகக் கண்டறியப்பட்ட அமைப்புகளின் பெயரை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். பார்க்க ஐந்து நிமிடம் போதும். அங்கீகாரம் இழந்த பிறகும் வெளியே வீடு எடுத்து நடத்தும் கூட்டங்கள் அதில் வராமல் போகலாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன சொற்களையும், முழங்கால், தொண்டை, நள்ளிரவுச் செலவு, கோலா நிறச் சிறுநீர் ஆகிய அடையாளங்களையும், யாரையும் கேட்காமல் முதலில் 911-ஐ அழை என்ற ஒரு வரியையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளியின் மேல்நிலை வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் அதைக் கொடுக்க அனுமதியுங்கள். அச்சுச் செலவு எங்களுடையது.

பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை நடு இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண் வேண்டும். எடுத்துப் பேச, கேள்வி கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போக, ஊரெல்லாம் சொல்லாமல் இருக்க இரண்டு மூன்று அக்கா அண்ணன்களை நியமியுங்கள். என் மகன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டான்.

கடைசியாக, 'தனிப்பட்ட விஷயம்' என்று எழுதிய அந்தப் பதிலைத் திரும்பப் பெறுங்கள். ஆகஸ்ட் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, உங்கள் முடிவை எல்லோர் முன்னும் சொல்லுங்கள். நானும் என் கணவரும் வருகிறோம், என் மகனும் வருகிறான். நீங்கள் என்ன கேட்டாலும் தமிழிலேயே பதில் சொல்வான்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது ஆண்டு படித்த ஒரு பிள்ளையின் அம்மா